தீவில் ஒதுங்கியவனின் பானை ஏன் உடைந்தது?

வாசகர் கேள்வி – பதில்

தீவு, கப்பல், காடு என்று ஓடும் சிறுவர் சாகசக் கதைகளைக் கொண்டு மண், கண்ணாடி, கயிறு, இரும்பு ஆகியவற்றின் குணங்களைச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கதையை வாசித்துவிட்டு, "இதில் என்னென்ன பொருள்கள் வந்தன?" என்று கேட்டால் பிள்ளைகள் மரம், கல், இரும்பு என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குமேல் வகுப்பு நகர மறுக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்? (ஆசிரியை, தேனி மாவட்டம்)

பதில்: பட்டியல் கேட்டால் பட்டியல்தான் வரும். கதையில் ஏதாவது ஒன்று உடைகிற, ஒழுகுகிற, அறுந்துபோகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அதுவரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். "ஏன் உடைந்தது? நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?" இந்த இரண்டு கேள்வி போதும். கதாநாயகன் ஜெயிக்கிற இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள். தோற்கிற இடத்தில்தான் யோசிப்பார்கள்.

இதற்கு டேனியல் டெஃபோவின் 'ராபின்சன் குரூசோ'வில் (1719) வரும் பானைப் படலத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். சுருக்கப் பதிப்புகளில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும் என்பதால் முழுக் கதையில் உள்ளதைச் சொல்கிறோம். குரூசோ களிமண்ணைத் தேடி எடுத்துப் பானை வனைகிறான். சில பானைகள் தங்கள் கனத்தையே தாங்க முடியாமல் உள்ளே சரிந்து விழுகின்றன. சிலவற்றை அவசரப்பட்டு வெயிலில் வைத்ததால் வெடித்துவிடுகின்றன. இன்னும் சில, காய்வதற்கு முன்னும் பின்னும் இடம் மாற்றும்போதே கையோடு உதிர்கின்றன. இரண்டு மாதப் பாட்டுக்குப் பிறகு மிஞ்சியது இரண்டு கோணல் ஜாடிகள். அவையும் வெயிலில் காய்ந்தவைதான். தண்ணீர் நிற்காது, அடுப்பில் ஏற்ற முடியாது. பிறகொரு நாள், சமைத்த நெருப்பை அணைக்கப் போனபோது உடைந்த சில்லு ஒன்று கல்லைப் போல இறுகி, கூரை ஓடுபோலச் சிவந்து கிடப்பதைப் பார்க்கிறான்.

சரிந்தது, வெடித்தது, உதிர்ந்தது என்று மூன்று தோல்விகள், மூன்றுக்கும் வேறு வேறு காரணம். சரிந்ததற்குக் காரணம் தண்ணீர் கூடிப்போனது. களிமண் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். இடையிலே தண்ணீர் அதிகமானால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வெடித்ததற்குக் காரணம், வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கியது. உள்புறம் இன்னும் ஈரத்தோடு உப்பியே இருந்தது. உதிர்ந்ததற்குக் காரணம், காய்ந்த களிமண்ணில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவே தவிர இறுகப் பிணையவில்லை. சில்லு கல்லானது ஏன் என்பதை மட்டும் வகுப்பில் சொல்லாமல் அடுத்த வாரத்துக்கு மீதி வையுங்கள்.

45 நிமிடப் பாடவேளை என்றால் வாசிப்பு 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பிறகு 5 நிமிடம் பிள்ளைகள் தங்கள் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். சோதனை செய்து பார்ப்பதற்கு முன்பே எழுத வேண்டும். பின்னால் எழுதினால் எல்லோரும் சரியாகச் சொன்னதாகிவிடும். மீதி நேரம் முழுக்கக் கைவேலைக்கு.

கேள்வி: பானைக் கதையோடு செய்யும் களிமண் சோதனையை அளவோடு சொல்லுங்கள். போன வருடம் செய்தபோது எல்லா வில்லைகளும் வெடித்துவிட்டன. (வானவில் மன்றக் கருத்தாளர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: எல்லாமே வெடித்ததென்றால் மண் சுத்தமான களிமண்ணாக இருந்திருக்கும், உலர்த்தியது வெயிலில் இருந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சோதனையே.

ஏரி அல்லது குளத்துக் களிமண்ணைக் காயவைத்து, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மூன்று கலவைகள் வேண்டும். முதலாவது 300 கிராம் களிமண் மட்டும். இரண்டாவது 270 கிராம் களிமண், 30 கிராம் மணல். மூன்றாவது 225 கிராம் களிமண், 75 கிராம் மணல். ஒவ்வொன்றிலும் 70 மில்லி தண்ணீர் விட்டுப் பிசையத் தொடங்கி, சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். எவ்வளவு விட்டோம் என்பதைக் கட்டாயம் எழுதிவைக்கவும். பிசைந்த மண்ணை ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் நடுவில் காய்ந்த கட்டிகள் நிற்கும்.

மறுநாள் 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். ஒரு கலவைக்கு நான்கு வரும். ஒவ்வொன்றின்மேலும் கத்தி முனையால் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். இரண்டு வில்லைகளை நிழலில், செய்தித்தாள்மேல் வைத்துக் காலையும் மாலையும் திருப்பிப் போடவும். மற்ற இரண்டு நேர் வெயிலில். ஐந்து நாள் கழித்துக் கோட்டை அளந்தால், 10 செ.மீ. 9.2 ஆகியிருந்தால் சுருக்கம் 8 சதவீதம். வில்லையின் ஓரத்தை அளக்காமல் கோட்டை அளப்பதற்குக் காரணம், ஓரம் கைபட்டு மழுங்கும், கோடு மழுங்காது.

மணல் சேராத வில்லைதான் அதிகம் சுருங்கும். வெயிலில் வைத்ததென்றால் படகுபோல வளைந்து வெடிக்கும். மணல் தண்ணீரை உறிஞ்சி உப்புவதில்லை, ஆகவே சுருங்குவதும் இல்லை. அது உள்ளே எலும்புக்கூடு போல நின்று சுருக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் மூன்றாவது கலவையில் ஓரங்கள் சற்றே உதிர்வதையும் பார்ப்பீர்கள். அளவோடு சேர்த்தால்தான் மணல் உதவும்.

கடற்கரை மணலைத் தவிருங்கள். அதில் உப்பு இருக்கும், அதைவிட மோசமாகக் கிளிஞ்சல் துணுக்குகள் இருக்கும். சூளையில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே எடுத்துச் சில நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, சட்டியின் மேல்தோலைப் பொரியாகப் பெயர்த்துவிடும்.

கடைசியாக ஒன்று. காய்ந்த வில்லை ஒன்றையும் உடைந்த கூரை ஓட்டுச் சில்லு ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். வில்லை முதலில் குமிழி விடும், பிறகு விளிம்பு கரையும், அரை மணி நேரத்தில் சேறாகக் குந்திவிடும். ஓடு அப்படியே கிடக்கும். இரண்டும் களிமண்ணில் செய்ததுதான் என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள்.

கேள்வி: செய்த சட்டியை வீட்டிலேயே கேஸ் அடுப்பில் அல்லது ஓ.டி.ஜி. மின்சார அடுப்பில் சுட்டுவிடலாமா? (பெற்றோர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். ஓ.டி.ஜி. 250 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். களிமண்ணுக்குள் இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது. துகள்களுக்கு இடையில் இருப்பது 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகிப் போய்விடும். இன்னொன்று களிமண் கனிமத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்திருப்பது. அது ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள்தான் வெளியேறும். அது வெளியேறினால்தான் மண் திரும்பவும் சேறாக முடியாத நிலைக்கு வரும். ஓ.டி.ஜி.யில் வைத்தது நன்றாகக் காய்ந்த மண், அவ்வளவே. தண்ணீரில் போட்டால் பழையபடி கரையும்.

கேஸ் அடுப்பில் ஆபத்தே உண்டு. அடிப்பக்கம் மட்டும் சட்டென்று சூடேறும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் சட்டி துண்டு துண்டாகத் தெறிக்கும்.

அருகில் குயவர் சூளை இருந்தால் அவரிடம் பேசி, அடுத்த சூளையில் பிள்ளைகளின் வில்லைகளையும் சேர்த்து அடுக்கச் சொல்லுங்கள். சூளை அடுக்கும் அன்றும் பிரிக்கும் அன்றும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முதல் சில மணி நேரம் புகை மட்டும் வரும்படி மந்தமாக எரிப்பார்கள். ஈரம் போவதற்குத்தான் அது. குவார்ட்ஸ் மணல் 573 டிகிரியில் திடீரென்று அளவு மாறும்: ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் கீறல் விழும். சூளையை அவசரப்பட்டுப் பிரிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். குரூசோவும் இதைத்தான் செய்கிறான்: பானைகள் செக்கச் செவேலென்று பழுத்த பிறகு ஐந்தாறு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விடிய விடியக் காவல் இருக்கிறான். இந்த வரியை சூளைக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினால் தனியாக விளக்கம் தேவைப்படாது.

ஐயனார் கோவில் மண்குதிரைகள் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். அத்தனை பெரிய உருவம் வெடிக்காமல் வெந்ததற்குக் காரணம், மண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைவதும், உள்ளே கூடாக விடுவதும். உமி எரிந்துபோன இடத்தில் சிறு துளைகள் மிஞ்சும். உடைந்த குதிரைத் துண்டின் வெட்டுவாயை லென்சில் பார்த்தால் நெல் உமியின் அச்சே தெரியும்.

கேள்வி: குரூசோ கதையில் பானையிலிருந்த மணல் நெருப்பில் உருகிப் பளபளப்பான பூச்சாக ஓடியது என்று வருகிறது. விறகு நெருப்பில் மணல் உருகுமா? கதையே தவறென்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? (முதுநிலை ஆசிரியர், வேலூர்)

பதில்: சுத்தமான குவார்ட்ஸ் மணல் உருக 1,700 டிகிரி வேண்டும். திறந்த வெளியில் விறகை மூட்டிச் சுட்டால் 900 டிகிரியை எட்டுவதே பெரிய காரியம். ஆகவே மணல் மட்டும் உருகியிருக்க முடியாது. ஆனால் சாம்பலிலும் உப்பிலும் உள்ள சோடியம், பொட்டாசியம் போன்றவை மணலோடு சேர்ந்தால் உருகுநிலை பல நூறு டிகிரி கீழே இறங்கும். கண்ணாடித் தொழிற்சாலையில் மணலோடு சோடா சாம்பல் சேர்ப்பது இதற்காகத்தான். தீவு மணலில் உப்பும், நெருப்பில் சாம்பலும் இருந்தன. அப்படியிருந்தும் பானை முழுவதும் வழவழப்பாகப் பூசியதுபோல வருவது கடினம். ஆங்காங்கே பளபளத்த திட்டுகள் வரலாம்.

கதாசிரியர் சொன்னதில் எவ்வளவு நடக்கும், எவ்வளவு நடக்காது என்று எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வதைப்போல நல்ல பயிற்சி வேறில்லை. மறைக்க வேண்டாம். "டெஃபோ பாதி சரி" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை காரணத்தோடு எழுதினால் அது பாடம் புரிந்த அடையாளம்.

கேள்வி: ஒரு கதையில் மூக்குக் கண்ணாடியை வைத்து வெயிலில் தீ மூட்டுகிறார்கள். என் மகன் தன் கண்ணாடியை வைத்து ஒரு மணி நேரம் முயன்றும் காகிதம் சூடாகக்கூட இல்லை. (பெற்றோர், யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் மகனுக்குக் கிட்டப்பார்வையாக இருக்க வேண்டும். அதற்கான கண்ணாடி குழிவில்லை. ஒளியை விரித்து அனுப்புமே தவிரக் குவிக்காது. 1954-ல் வெளிவந்த வில்லியம் கோல்டிங்கின் 'ஈக்களின் அரசன்' நாவலில் இதே பிழை புகழ்பெற்றது: கிட்டப்பார்வை உள்ள சிறுவனின் கண்ணாடியைக் கொண்டு தீ மூட்டுவார்கள். (சிறுவர்கள் வரும் கதையானாலும் அது சிறுவர்க்கான நாவல் அல்ல, வன்முறை அதிகம். உயர்நிலை வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.)

தாத்தாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். அது குவிவில்லை. தீ மூட்டவே தேவையில்லை. அறைக்குள், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, கண்ணாடியைத் தாளுக்கு முன்னால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே தூரத்து மரம் தலைகீழாகத் தாளில் விழும். அந்தத் தூரம்தான் குவியத்தூரம். கண்ணாடியின் பவர் +2.00 என்றால் 50 செ.மீ., +2.50 என்றால் 40 செ.மீ. வரும். மகனின் கண்ணாடியில் எங்கே பிடித்தாலும் பிம்பம் விழாது. இரண்டும் ஒரே பிளாஸ்டிக், வடிவம்தான் வேறு.

வடிவத்தோடு பொருளும் சேர்ந்தால்தான் வில்லை என்பதைக் காட்ட ஜூல் வெர்னின் 'மர்மத் தீவு' (1875) கைகொடுக்கும். அதில் பொறியாளர், இரண்டு சட்டைப்பைக் கடிகாரங்களின் கண்ணாடி மூடிகளை எதிரெதிராகச் சேர்த்து, நடுவில் தண்ணீர் நிரப்பி, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, காய்ந்த பாசியில் தீ மூட்டுவார். பள்ளி ஆய்வகத்தில் உள்ள வாட்ச் கிளாஸ் இரண்டைக் கொண்டு இதைச் செய்யலாம். தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கையை விட்டு, தண்ணீருக்கு அடியிலேயே இரண்டையும் சேர்த்து மூடி, அங்கேயே விளிம்பில் பிசைமண் உருட்டி அழுத்துங்கள். மேலே எடுத்து வைத்து நிரப்பினால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். குமிழி இருந்தால் பிம்பம் இரண்டாக உடையும்.

தண்ணீர் நிரப்புவதற்கு முன் வெற்றுக் கூட்டை எழுத்தின்மேல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகாது. நிரப்பிய பிறகு பெரிதாகும். மூன்றாவதாக, உள்ளே காற்று மட்டும் இருக்கும்படி அடைத்து, அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். எழுத்து சிறுக்கும்! வடிவம் மூன்று தடவையும் ஒன்றேதான்.

உருண்டையான ஆய்வகக் குடுவையில் தண்ணீர் நிரப்பினால் அதுவும் வில்லையே. 10 செ.மீ. விட்டமுள்ள குடுவையின் குவியம் அதன் மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி விழும். ஆகவே வெயில்படும் சன்னலோரத்தில் தண்ணீர்க் குடுவையை விட்டுவைக்காதீர்கள், மேசைத்துணி கருகும். எந்த வில்லை வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லியே தொடங்குங்கள்.

கேள்வி: பாறையில் கயிறு கட்டி இறங்கும் கதையை வைத்து நூல்களின் வலிமையைச் சோதித்தோம். எல்லா நூலும் முடிச்சிலேயே அறுகிறது. எது வலியது என்று முடிவுக்கே வர முடியவில்லை. (ஆசிரியர், ஈரோடு மாவட்டம்)

பதில்: முடிச்சில் நூல் கூர்மையாக வளைகிறது, வளைவின் வெளிப்பக்க இழைகள் மொத்தப் பாரத்தையும் தாங்கி முதலில் போகின்றன. நீங்கள் சோதித்தது முடிச்சைத்தான். முடிச்சுப் போடாமல், விரல் தடிமனுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் நூலை ஆறு சுற்றுச் சுற்றிய பிறகு நுனியைக் கட்டுங்கள். சுற்றின் உராய்வே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். நுனி முடிச்சுக்கு இழுவை போய்ச் சேராது. கீழ்முனைக்கும் இதேபோல ஒரு குழாய், அதில் தொங்குவது சிறு வாளி.

இரண்டு குழாய்க்கும் இடையே நூல் எப்போதும் 30 செ.மீ. இருக்கட்டும். நீளம் கூடினால் நலிந்த இடம் ஒன்று மாட்டும் வாய்ப்பும் கூடும். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே மடித்த சாக்கு. 100 மில்லி குவளையால் ஊற்றி, ஒவ்வொரு குவளைக்கும் பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையைக் கூட்ட மறக்க வேண்டாம். ஒவ்வொரு நூலிலும் ஐந்து தடவை செய்து, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒரு தடவை மட்டும் செய்து முடிவு சொல்வது பொருளுக்குச் செய்யும் அநியாயம்.

பிறகு அதே நூல்களை நனைத்துச் செய்யுங்கள். பருத்தி நனைந்தால் சற்றே வலுக்கும். ரேயான் நனைந்தால் பெருமளவு வலுவிழக்கும். இரண்டுமே செல்லுலோஸ்தான், ரேயானில் அதைக் கரைத்து மறுபடி இழையாக்கியதால் மூலக்கூறுகள் குட்டையாகவும் ஒழுங்கு குறைந்தும் இருக்கின்றன, தண்ணீர் உள்ளே எளிதில் புகுந்துவிடுகிறது. மழையில் நனைந்த கயிற்றை நாயகன் நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில், கயிறு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பூக்கட்டுபவர்கள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே கட்டுவதையும் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்: காய்ந்த நார் முடிச்சில் ஒடியும், நனைந்தது வளைந்து கொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் ரப்பர் தோட்டங்கள் அதிகம். அதற்கு ஏதாவது கதை உண்டா? (மாணவி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: உண்டு. ஜொஹான் டேவிட் விஸ் எழுதிய 'ஸ்விஸ் குடும்ப ராபின்சன்' (1812) கதையில் அப்பா, காலுறைக்குள் மணல் நிரப்பி, மேலே களிமண் பூசிக் காயவைத்து, அதன்மேல் ரப்பர் பாலை அடுக்கடுக்காகத் தடவிப் பூட்ஸ் செய்வார். அந்தப் பூட்ஸ் வெயில் காலத்தில் என்ன ஆகும் என்று யோசி. தோட்டத்தில் காயவைத்த பச்சை ஷீட்டிலிருந்து வெட்டிய ஒரு பட்டையையும், கடையில் வாங்கிய ரப்பர் வளையத்தையும் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து ஆணியில் மாட்டி ஓர் இரவு விடு. காலையில் கழற்றினால் வளையம் ஏறக்குறைய பழைய அளவுக்கு வரும். பச்சை ரப்பர் நீண்டே கிடக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரின் நீள மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழும் என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்ததுதான் அந்த வித்தியாசம். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம்.

கேள்வி: வாள், கத்தி வரும் கதைகளில்தான் பையன்களுக்கு உயிர். அதிலிருந்து உலோகப் பாடத்துக்குப் போக முடியுமா? (ஆசிரியர், சேலம் மாவட்டம்)

பதில்: முடியும், ஆசிரியர் செய்து காட்டுவதாக மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். சாக்குத் தைக்கும் கோணி ஊசி நான்கு, கட்டடத்துக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி ஒரு துண்டு, இடுக்கி, ஸ்டவ் அல்லது புன்சன் விளக்கு, ஒரு குவளை தண்ணீர், காந்தம், கண்காப்புக் கண்ணாடி. வெள்ளைப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பி கூடாது, அதிலிருந்து துத்தநாகப் புகை வரும்.

முதல் ஊசியை அப்படியே வளைத்துப் பாருங்கள்: விறைப்பாக எதிர்க்கும். இரண்டாவதைச் சிவக்கக் காய்ச்சி, தீயிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிடுங்கள்: கம்பிபோலச் சுலபமாக வளையும், வளைந்தபடியே நிற்கும். மூன்றாவதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் தோயுங்கள். இதைத் துணியில் சுற்றி வளைத்தால் பிஸ்கட் போல ஒடியும். நான்காவதை அதேபோலத் தோய்த்து, கறுப்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தீயின் மேலே உயரத்தில் பிடித்து மெல்லச் சூடேற்றுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் ஓடும். நீலம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அது ஏறக்குறைய 300 டிகிரி. இப்போது அது ஒடியாமல் வில்போல வளைந்து திரும்பும்.

அதிகம் நடக்கும் தவறு, போதுமான அளவு காய்ச்சாமல் தோய்ப்பது. மங்கலான சிவப்பு போதாது. காந்தத்தால் சோதிக்கலாம். சுமார் 770 டிகிரிக்குமேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் சில விநாடி தீயில் வைத்து, நொடியில் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். ஊசி மெல்லியது, குவளை ஒரு கை தள்ளி இருந்தால்கூடப் போகும் வழியிலேயே ஆறிவிடும். குவளை விளக்கின் அடியோடு ஒட்டி இருக்கட்டும்.

கட்டுக்கம்பியையும் அதே சிவப்பில் அதே தண்ணீரில் தோயுங்கள். அது ஒடியவே ஒடியாது. அதில் கார்பன் மிகக் குறைவு. ஊசியில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். காய்ச்சிய இரும்புக்குள் கரைந்த கார்பன், திடீரென்று குளிர்ந்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு இரும்பின் அணு அடுக்கை இறுக்கிவிடுகிறது. மாட்டிக்கொள்ளக் கார்பனே இல்லாவிட்டால் இறுக்கம் எங்கிருந்து வரும்? கதையில் கொல்லன் வாளை நீரில் தோய்க்கும் காட்சி வந்தால், அடுத்து அதைத் திரும்பக் காய்ச்சினானா என்று பிள்ளைகளே கேட்பார்கள். காய்ச்சாவிட்டால் அந்த வாள் முதல் வீச்சில் ஒடிந்திருக்கும்.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தொடர்பும் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. மண்குப்பியில் கார்பன் சேர்த்து உருக்கிய தென்னிந்திய எஃகு 'வூட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பா போனது. மைக்கேல் ஃபாரடே அதை 1819-ல் பகுப்பாய்வு செய்து எழுதினார்.

கேள்வி: நான் தமிழாசிரியை. கதையை நிறுத்தி நிறுத்திப் பாடம் சொன்னால் பிள்ளைகளுக்குக் கதையே வெறுத்துப்போகாதா? (மதுரை)

பதில்: போகும், நீங்கள் அஞ்சுவது சரியே. ஒரு வாசிப்பில் ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்த வேண்டும். முழு அத்தியாயத்தையும் உங்கள் வகுப்பிலோ நூலக நேரத்திலோ இடையூறில்லாமல் வாசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அறிவியல் ஆசிரியர் அந்த ஒரு காட்சியை மட்டும் எடுப்பது இன்னும் நல்லது. கதையிலிருந்து மதிப்பெண் கேள்வி கேட்கவே கூடாது. யாராவது சாகிற, பிரிகிற காட்சியைச் சோதனைக்கு எடுக்கவும் கூடாது. அந்த நேரத்தில் பிள்ளையின் மனம் கயிற்றின் வலிமையில் இருக்காது.

கேள்வி: கற்பனைக் கதைகள் மட்டும்தானா? நடந்த சாகசங்களும் உதவுமா? (நூலகர், திருநெல்வேலி)

பதில்: நார்வேக்காரர் தோர் ஹெயர்டாலின் 'கோன்-டிக்கி' தெப்பப் பயணத்தை எடுங்கள். 1947-ல் ஒன்பது பால்சா மரக்கட்டைகளைச் சணல்வகைக் கயிற்றால் கட்டி, ஆறு பேர் பெருவின் கயாவோ துறையிலிருந்து 101 நாள் மிதந்து பாலினீசியாவின் ரரோயா பவளத்திட்டில் போய் மோதினார்கள். புறப்படும்முன் அறிந்தவர்கள் இரண்டு எச்சரிக்கை செய்தார்கள்: பால்சா தண்ணீரைக் குடித்து மூழ்கும், கட்டைகள் உரசிக் கயிறு தேய்ந்து அறும். இரண்டுமே நடக்கவில்லை. பச்சையாக வெட்டிய மரத்தின் சாறு கடல்நீர் உள்ளே புகுவதை மட்டுப்படுத்தியது. பால்சா மிகவும் மென்மையான மரம். கயிறு தேய்வதற்குப் பதிலாகக் கட்டைக்குள் பதிந்து, பதிந்த பள்ளத்திலேயே பத்திரமாக இருந்தது. கட்டுமரம் தெரிந்த கரையோரப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். முருங்கைக் கட்டை இரண்டு துண்டு, ஒன்று பச்சையாக வெட்டியது, மற்றொன்று இரண்டு வாரம் காய்ந்தது. இரண்டையும் எடை போட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, தினம் ஒரு தடவை துடைத்து எடை குறித்துக்கொள்ளட்டும். கயிறு தேய்வதைப் பார்க்க இரண்டு ஜோடிக் கட்டைகள் வேண்டும்: ஒரு ஜோடி முருங்கை, ஒரு ஜோடி வேம்பு அல்லது கருவேலம். ஒவ்வொரு ஜோடியையும் ஒரே பருத்தி நூலால் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டி, தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கையால் முன்னும் பின்னும் 200 தடவை அசையுங்கள். பிறகு நூலை அவிழ்த்து லென்சில் இழைகளை எண்ணச் சொல்லுங்கள். நூலின் இறுக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்தது மரத்தாலா, தளர்ச்சியாலா என்று தெரியாது. கட்டும்போது நூல் முனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டே சுற்றினால் இறுக்கம் மாறாது.